தரிசனத்திற்குப் பின் மூன்று நாட்கள்

விடுமுறை வந்துவிட்டால் நம்மவர் இல்லங்களில் இரண்டில் ஒன்று நிகழும். நாம் மூட்டை முடிச்சுகளுடன் சொந்த ஊருக்குப் புறப்படுவோம். இன்றேல், சொந்த ஊரிலிருந்து உற்றார் உறவினர் மூட்டை முடிச்சுகளுடன் நம் இல்லத்திற்கு எழுந்தருள்வர். சித்தூரிலும் திருப்பதியிலும் பிழைப்பின் பொருட்டுக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டாவதே பெருவழக்கு என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வேங்கடவன் வாழும் ஊரில் வாடகை வீடு எடுத்தவனுக்கு உறவினர் தொகை ஆண்டுதோறும் பெருகும்; மறந்துபோன சித்தப்பா பிள்ளைகளும் முகவரி தேடி வருவர். வருகிறவர்களை வேண்டாமென்பார் யார்? அவர்கள் வரவினால்தான் நம் வீட்டுக் கூடத்தில் தமிழ் ஒலி குறையாமல் இருக்கிறது.

ஆயினும் அவர்கள் வந்து செல்லும் முறை ஒன்று உண்டே, அதுதான் என் உள்ளத்தை உறுத்துவது. இரவு வண்டியில் வந்து இறங்குவர். விடியுமுன் மலையேறுவர். வரிசையில் பதினைந்து மணி நேரம் நின்று, கண்ணிமைக்கும் நேரம் தரிசனம் செய்து, இலட்டுப் பையுடன் இறங்கி வந்து, நம் வீட்டுத் தரையில் மயங்கிக் கிடந்து, மறுநாள் வண்டியில் ஊர் திரும்புவர். குழந்தைகளைக் கேட்டால், கம்பிக் கூண்டுகளையும் முன்னே நின்றவரின் முதுகையும் அன்றி வேறொன்றும் கண்டதாக நினைவில்லை என்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காள் கணவர் அவ்வாறே வந்திருந்தபோது, திண்ணையில் காலை நீட்டி அமர்ந்து, "இந்த ஊரில் கோயிலை விட்டால் பார்ப்பதற்கு வேறென்ன இருக்கிறது, மச்சான்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. ரயில்வே எழுத்தராக இங்கு வந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தும், வீட்டையும் அலுவலகத்தையும் இடையிலுள்ள காய்கறிக் கடையையும் தவிர நான் ஒன்றும் பார்த்திருக்கவில்லை. அன்று அடைந்த வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து.

நம் முன்னோருக்கு இம்மலை புதிதன்று. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாக இவ்வேங்கடத்தையே குறிக்கின்றது. 1911இல் வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் கடப்பையின் பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960இல் திருத்தணி மீண்டும் தமிழ்நாட்டின் பக்கம் வந்தது; நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கற்கள் இவ்வாறு இடம் மாறிக்கொண்டிருக்க, மலைகள் மட்டும் நின்ற இடத்தில் நிற்கின்றன. அவற்றைப் பார்க்கத்தான் நாம் நேரம் ஒதுக்கவில்லை.

முதலில், காசு செலவில்லாமல் காணக்கூடிய அதிசயத்தைச் சொல்லிவிடுகிறேன். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவிற்கு ரயிலில் வருகையில், நகரிக்கு அருகே மூக்குப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் மலைமுகடு ஒன்று தென்படும். 'நகரி மூக்கு' என்றே அதற்குப் பெயர். கடலில் மரக்கலம் செலுத்திய மாலுமிகள் கரையை அடையாளம் காண அதனை நோக்குவார்களாம். அம்மலையின் தலையில் தொப்பி வைத்தாற்போல் செங்குத்தான பாறைச் சுவர் இருப்பதைக் காணலாம். பின்பு திருப்பதியில் இறங்கி, கபில தீர்த்தத்தின் முன் நின்று அண்ணாந்து பார்த்தால், அதே செந்நிறச் சுவர் வேங்கட மலையின் நெற்றியிலும் நிற்பது தெரியும். இரண்டும் ஒரே கல். நில நூலார் இதனை நகரியின் பெயராலேயே 'நகரி குவார்ட்சைட்' என்பர். கடலடியில் படிந்த மணல் இறுகி இறுகிக் கல்லானது. நம் நெசவாளர் ஊரின் பெயர் உலகத்து நில நூல்களில் ஏறியிருப்பது, நகரியில் வாழும் நம்மவர் பலருக்கே தெரியாது.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நில நூல் கற்றவன் அல்லன். மலைச்சாலை ஓரத்தில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் நாட்டியுள்ள அறிவிப்பைப் படித்துவிட்டு, நூலகத்திலும் நண்பர்களிடத்திலும் கேட்டு அறிந்ததையே இங்கு எழுதுகிறேன். மேலே உள்ள குவார்ட்சைட் ஏறத்தாழ 160 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது. அதன் கீழே, அது படுத்திருக்கும் கருங்கல் 210 கோடி ஆண்டுகட்கும் முற்பட்டது. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் கோட்டில் விரலை வைத்தால், இடையே 50 கோடி ஆண்டுகளுக்குக் கணக்கே இல்லை. அலுவலகப் பேரேட்டில் பல பக்கங்கள் கிழிக்கப்பட்டு, முன் பக்கமும் பின் பக்கமும் ஒட்டிக்கொண்டால் எப்படியோ, அப்படி. அக்காலத்தில் பழைய கருங்கல் மலைகள் காற்றாலும் மழையாலும் தேய்ந்து சமதரையாயின. பின்பே கடல் வந்து மணலைப் பரப்பியது. வில்லியம் கிங் என்னும் ஆங்கிலேய நில ஆய்வாளர் கடப்பை, கர்நூல் பகுதிகளின் பாறைகளைப் பற்றி 1872இல் வெளியிட்ட நூலே இப்பாறைகளின் முறைமையை முதன்முதல் விரிவாக எடுத்துக் கூறியது. பேருந்து அவ்விடத்தை அரை நிமிடத்தில் கடந்துவிடும். முன்னரே சொல்லி வைத்தால் குழந்தைகள் சன்னலோரம் ஆயத்தமாக அமர்வார்கள்.

மலைமேல் கோயிலுக்கு வடக்கே, சக்கர தீர்த்தத்தின் அருகில் சிலாதோரணம் இருக்கின்றது. எட்டு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட இயற்கையான கல் வளைவு. மனிதன் உளி தொடவில்லை. மென்மையான பாகத்தை நீரும் காற்றும் அரித்துச் சென்றபின் வலிய பாகம் வளைவாக நின்றுவிட்டது. உலகில் இத்தகையவை மூன்றே மூன்று என்று அங்குள்ள வழிகாட்டிகள் கூறக் கேட்கலாம். அது மிகை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆர்ச்சஸ் என்னும் ஒரு தேசியப் பூங்காவிற்குள்ளேயே 2,000க்கு மேற்பட்ட கல் வளைவுகள் உள்ளன. நம்முடையதைப் பெருமைப்படுத்தப் பொய் வேண்டுவதில்லை. தென்னாட்டில் இதனைப் போன்றதைக் காண்பது அரிது, அது போதும். அப்பாறை இடுக்குகளில் பொன்னிறப் பல்லி ஒன்று வாழ்கின்றது. இரவில் உலவும் உயிராதலால் நான் இருமுறை சென்றும் கண்ணில் படவில்லை. என் மகள் மட்டும் தான் கண்டதாகச் சாதிக்கிறாள்.

இவையெல்லாம் அரை நாளில் முடிந்துவிடும். தரிசனத்திற்கு மேற்பட்டு இரண்டு மூன்று நாட்கள் ஒதுக்கி, அருவியும் காடும் காண வேண்டுமெனில், அங்கேதான் திட்டம் தேவைப்படுகின்றது. நம்மவர் செய்யும் முதற்பிழை காலத்தில். பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் என்பதால் அப்போதே புறப்படுகிறார்கள். அக்காலத்தில் இம்மலைகளில் அருவிகள் நூலிழையாகிவிடும். வெயில் 40 பாகையைத் தாண்டும். காய்ந்த காட்டில் தீப் பிடிப்பதும் உண்டு. நீர் நிறைந்திருப்பது வடகிழக்குப் பருவமழையினால். அதாவது ஐப்பசி முதல் தை வரை. இதில் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் புயற்காலம். ஆகவே மழை ஓய்ந்து நீர் குறையாத மார்கழிக் கடைசியும் தையும் தாம் நமக்குத் தக்க காலம். நம் பிள்ளைகளுக்கு இங்குள்ள பள்ளிகளில் சங்கராந்தி விடுமுறையும், ஊரிலுள்ள பிள்ளைகளுக்குப் பொங்கல் விடுமுறையும் ஒன்றாக வருவது அப்போதே. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாட்களை மட்டும் விலக்கிக்கொள்ள வேண்டும்; அவ்வாரம் திருப்பதியில் கால் வைக்க இடமிராது.

திருப்பதியிலிருந்து பாக்கராப்பேட்டை வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் தலைக்கோனை. தெலுங்கில் 'கோனா' என்றால் மலைகளுக்கு இடையே ஒடுங்கிய பள்ளத்தாக்கு. நேரபயலு என்னும் சிற்றூரைக் கடந்ததும் காடு வழியை மூடிக்கொள்கின்றது. சித்தேசுவரர் கோயிலிலிருந்து மேலேறி நடந்தால், மரங்களுக்கு இடையே முதலில் ஓசைதான் வரும். பின்பு 270 அடி உயரத்திலிருந்து நீர் விழுவது தெரியும். ஆந்திர மாநிலத்தில் இதனினும் உயர்ந்த அருவி இல்லை என்பர். குற்றாலத்தைப் போலத் தலையில் வந்து மோதும் பேரருவி அன்று இது. உயரம் மிகுதியாதலால் நீர் வழியிலேயே சிதறி, வெண்புகைபோல் ஆடி ஆடி இறங்குகின்றது. காற்று வீசும் பக்கம் எல்லாம் சாரல் செல்கின்றது. நாங்கள் சென்ற தைத்திங்களில் என் தாயார் பாறையில் அமர்ந்து, சாரல் நம் பக்கம் வரும்போது சிரிப்பதும் விலகும்போது காத்திருப்பதுமாக ஒரு மணி நேரம் கழித்தார். முழங்கால் வலியால் வீட்டு மாடிப்படி ஏறாதவர், அருவிவரை எப்படி நடந்தார் என்பது எங்களுக்கே விளங்கவில்லை.

அக்காட்டில் யானைத் துதிக்கை பருமனுள்ள கொடிகள் மரத்திற்கு மரம் ஊஞ்சல் கட்டியிருக்கும். அவற்றின் காய்கள் முழ நீளத்துக்கும் மேலானவை. மரங்களின் மேலே கயிற்றுப் பாலம் ஒன்றும் அமைத்திருக்கிறார்கள். தலை சுற்றுபவர்கள் கீழேயே நின்றுவிடுவது நலம். இவ்விடம் 1989இல் அமைந்த ஸ்ரீ வேங்கடேசுவர தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. சேஷாசல மலைத்தொடர் முழுவதுமே 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தங்குவதற்கு வனத்துறையின் குடில்களும் சுற்றுலாத் துறையின் விடுதியும் உள்ளன. முன்பதிவு செய்யாமல் போகக் கூடாது. பேருந்துகள் மிகச் சில. தனி வண்டி அமர்த்தினால், பாக்கராப்பேட்டை மலைவழியை இருட்டுமுன் கடந்துவிட வேண்டும் என்று ஓட்டுநரிடம் புறப்படும்போதே சொல்லிவிடுங்கள். 2022 மார்ச்சில் திருமண வீட்டார் சென்ற பேருந்து ஒன்று அவ்வழியில்தான் இரவில் பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டனர்.

இனி, எழுத மனம் கூசும் பகுதி. எனினும் இதனை எழுதாமல் மற்றவற்றை எழுத எனக்கு உரிமை இல்லை.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கடந்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. அரையாண்டு விடுமுறைக்கு அக்காளும் மாமாவும் இரு பிள்ளைகளுடன் வந்திருந்தனர். பழைய வினாவுக்கு விடையளிக்கும் ஆர்வம் எனக்கு. வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டு நாகலாபுரம் பக்கத்து மலைகளுக்குச் சென்றோம். எந்த ஓடை, எந்த அருவி, திறந்திருக்கிறதா, யாரிடம் கேட்க வேண்டும் என்று நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. வண்டிக்காரர் "போகலாம்" என்றார், போனோம். ஓடைக் கரையோடு ஒரு மணி நேரம் நடந்து, பாறைக் குட்டை ஒன்றை அடைந்தோம். கண்ணாடி போன்ற நீர். வானம் நீலமாக இருந்தது. பெண்கள் சோற்று மூட்டையை அவிழ்த்தனர். அக்காளின் இளைய மகன், அப்போது ஒன்பது வயதினன், ஓடையின் நடுப்பாறைகளைத் தாண்டி எதிர்க்கரைக்குச் சென்று கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

குட்டையின் ஓரத்தில் சில சருகுகள் மிதந்து வந்தன. நான் பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. சற்று நேரத்தில் நீரின் நிறம் தேநீர் போலாயிற்று. மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் இரு கைகளையும் வீசித் தெலுங்கில் கூவினார். ஒன்பதாண்டுகள் இந்நாட்டில் சம்பளம் வாங்கியவனுக்கு 'நீள்ளு' என்ற சொல் விளங்காமல் போகுமா? எனினும் கால் நகரவில்லை. மலையுச்சியில் எங்கோ பெய்த மழை, நாங்கள் இருந்த இடத்தில் ஒரு துளி விழாமலே, இறங்கி வந்துகொண்டிருந்தது.

நான் நடுப்பாறைகளின் மேல் ஓடி எதிர்க்கரையை அடைந்து பையனைத் தூக்கி மேட்டில் ஏற்றுவதற்குள், நான் மிதித்து வந்த பாறைகள் மறைந்துவிட்டன. இக்கரையில் அக்காளின் வாய் அசைவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. நீரின் இரைச்சல் அத்தகையது. பகல் ஒரு மணி முதல் மாலை ஐந்தரை வரை நானும் பையனும் அக்கரையில் அமர்ந்திருந்தோம். அந்த முதியவர் ஆடுகளை விட்டுவிட்டு இக்கரையில் அக்காளின் அருகிலேயே இருந்தார். நீர் வடியத் தொடங்கியபின், அவரே கோலை ஊன்றி வழி பார்த்து வந்து, பையனைத் தோளில் ஏற்றிக் கடந்தார். மாமா நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை. திரும்பும் வழியில் வண்டிக்குள் யாரும் பேசவில்லை. மறுநாள் அவர்கள் ஊர் சென்றனர். அடுத்த இரண்டு ஆண்டுகள் விடுமுறைக்கு அக்காள் வரவில்லை. ஏனென்று நானும் கேட்கவில்லை.

பின்பு விவரம் அறிந்தவர்களைத் தேடித் தேடிக் கேட்டேன். கேட்டவற்றைச் சுருக்கி உரைக்கிறேன். இம்மலைகளின் தலைப்பாறை பிளவுகள் நிறைந்த வன்கல். அதன்மேல் பெய்யும் பெருமழையில் ஊறுவது கொஞ்சம், வழிவது மிகுதி. அகன்ற மேட்டின் நீரெல்லாம் ஒடுங்கிய கோனை ஒன்றில் வந்து கூடுவதால், ஓடை கால்மணி நேரத்திற்குள் ஆள் உயரம் ஏறக்கூடும். தலைக்கு மேல் வானம் தெளிவாயிருப்பது ஒன்றையும் காட்டாது. மலையின் உச்சிப் பக்கம் கருத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சருகும் குச்சியும் மிதந்து வருதல், நீர் கலங்குதல், மேற்பக்கமிருந்து புதிதாய் ஓர் உறுமல் கேட்டல், இவற்றில் ஒன்று தோன்றினாலும் உணவையும் உடையையும் விட்டுவிட்டுக் கரையேறிவிட வேண்டும். அதுவும் எல்லாரும் ஒரே கரையில். குழுவில் எவரும் எதிர்க்கரையில் இருக்கக் கூடாது என்பதை எங்கள் வீட்டில் இப்போது சட்டமாகவே வைத்திருக்கிறோம்.

குட்டைகளில் தலைகீழாகக் குதிப்பதைப் பற்றியும் ஒரு சொல். மேலிருந்து பார்த்தால் பச்சை நீர். உள்ளே பாறை எந்த ஆழத்தில் படி விட்டிருக்கிறது என்று குதித்தவனுக்குத்தான் தெரியும், சில சமயம் அவனுக்கும் தெரியாமற் போகும். தலைக்கோனையிலும், வரதையபாளையம் பக்கத்து உப்பலமடுகு அருவியிலும் வெளியூர் இளைஞர்கள் உயிரிழந்த செய்திகளை நாளேடுகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். உப்பலமடுகை நம்மவர் 'தடா அருவி' என்பர். 'மடுகு' என்பது நம் 'மடு'வே. பெயரிலேயே ஆழம் இருக்கிறது. மழைக்காலங்களில் வனத்துறையினர் அதனை மூடிவிடுவர். மூடியிருந்தால் வேறு வழியாகப் போகலாமா என்று கேட்காதீர்கள்.

வேறு வழி என்று சொன்னதும் நினைவுக்கு வருவது இன்னொன்று. சேஷாசலக் காடு செம்மரம் விளையும் காடு. உலகில் இம்மரம் இயற்கையாக வளரும் நிலப்பரப்பு மிகச் சிறிது. அதன் நடு நாயகம் இம்மலைகளே. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரிக்கு அருகில் இக்காட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 தொழிலாளர் காவல் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். திருவண்ணாமலையிலும் தருமபுரியிலும் கூலி தேடி வந்தவர்களின் குடிசைகளில் எழுந்த அழுகுரலை நாம் மறந்துவிடவில்லை. அதன் நியாய அநியாயங்களை இச்சிறு கட்டுரையில் ஆராய இடமில்லை. சுற்றுலாச் செல்லும் நாம் அறிய வேண்டியது இதுதான்: காப்புக் காட்டில், அனுமதியின்றி, பாதையை விட்டு விலகி, தமிழ் பேசிக்கொண்டு திரியும் ஆடவர் கூட்டம் இங்கு எளிதில் ஐயத்திற்கு ஆளாகும். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்; சோதனைச் சாவடியில் பெயரைப் பதிந்து செல்லுங்கள்; அந்தி சாய்ந்தபின் காட்டில் இராதீர்கள். குழுவில் தெலுங்கு பேசுபவர் ஒருவரேனும் முன்னே நடக்கட்டும். அது நம் பிள்ளைகளில் ஒருவராயிருந்தால், அவர்கள் பள்ளியில் கற்ற மொழிக்கு வீட்டில் ஒரு மதிப்பும் கிடைக்கும்.

இவ்வளவு அச்சுறுத்திவிட்டேனே என்று எண்ண வேண்டாம். முறையாகவும் அஞ்சாமலும் மலைக்காட்டை அனுபவிக்க அருமையான வழி ஒன்று நம் காலடியிலேயே இருக்கின்றது. வேங்கட மலையின் உட்காடுகளில் உள்ள தீர்த்தங்களுக்கு ஆண்டிற்கு ஒருமுறை 'முக்கோடி' என்னும் திருநாள் உண்டு. தைப் பௌர்ணமியில் இராமகிருஷ்ண தீர்த்தம், மாசிப் பௌர்ணமியில் குமாரதாரை, பங்குனிப் பௌர்ணமியில் தும்புரு தீர்த்தம். அந்நாட்களில் தேவஸ்தானமும் வனத்துறையும் காவலரும் வழி நெடுக நிற்பர், குடிநீரும் உணவும் தருவர், மருத்துவர் இருப்பர். மற்ற நாட்களில் அப்பாதைகளில் பொதுமக்களை விடுவதில்லை.

சென்ற பங்குனியில் நானும் அலுவலக நண்பர் மூவரும் தும்புரு தீர்த்தத்திற்குச் சென்றோம். பாபவிநாசத்திலிருந்து பாதை தொடங்குகின்றது. காட்டுப் பாதை, கற்பாதை, கல்லே இல்லாமல் வேரைப் பிடித்து இறங்கும் பாதை என்று இரண்டு மணி நேரத்திற்கு மேல் சென்றபின், மலை இரண்டாகப் பிளந்து நிற்கும் இடம் வரும். கத்தியால் அரிந்த பலாச்சுளைபோல் இரு பக்கமும் செங்குத்துப் பாறை. நடுவே ஒடுங்கிய நீர்வழி. தரைவழி அங்கு இல்லை. முழங்கால் நீரில் தொடங்கி, இடுப்பளவு நீரில் கயிற்றைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும். மேலே நாடா போல வானம். பாறைச் சுவரில் தேனடைகள். என் முன்னால் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோவிந்தா கோவிந்தா என்று கூவியவாறே என்னிலும் விரைவாகச் சென்றார். நான் செருப்பு ஒன்றை நீருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வாரில்லாத செருப்பு எக்காலும் ஆகாது. இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் இந்நடையைத் தவிர்க்க வேண்டும் என்று தேவஸ்தானமே அறிவிக்கின்றது. அதை வீம்புக்கு மீறாதீர்கள்.

அவ்வளவு தூரம் இயலாதவர்க்கு, திருமலைக்கு நடந்து ஏறுவதே போதிய வீரச் செயல். அலிபிரி வழி ஏறத்தாழ 9 கிலோமீட்டர், 3,550 படிகள். சீனிவாச மங்காபுரத்துப் பக்கமுள்ள ஸ்ரீவாரி மெட்டு 2 கிலோமீட்டர் சொச்சம், 2,388 படிகள். இரண்டாவது குறுகியதாயினும் செங்குத்தானது. 2021 நவம்பர் பெருமழையில் அவ்வழி மிகவும் சேதமுற்றுப் பின் 2022 மேயில்தான் திறந்தது. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கவர்ந்து சென்றது நினைவிருக்கும். பெற்றோரை விட்டுச் சற்று முன்னே ஓடிய குழந்தை. அதன்பின் பிற்பகலில் சிறுவர்களை நடைவழியில் விடுவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. நேரங்கள் அவ்வப்போது மாறுவதால் அலிபிரியில் கேட்டறிந்தே ஏற வேண்டும். குழந்தையின் கை நம் கையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் எந்நேரமும் மாறாது.

கோடையில்தான் வர முடியும் என்னும் உறவினர்க்கு ஹார்ஸ்லி மலை இருக்கின்றது. மதனப்பள்ளிக்கு அப்பால், 4,150 அடி உயரம். கடப்பை ஆட்சியராயிருந்த ஹார்ஸ்லி என்பவர் வெயிலுக்கு அஞ்சி அங்கு வீடு கட்டிக்கொண்டதால் வந்த பெயர். தெலுங்கர் அதனை ஏனுகு மல்லம்மா கொண்டா என்பர். ரயிலில் செல்வோர் ஒன்று நினைவில் வைக்கவும். 'மதனப்பள்ளி ரோடு' என்ற நிலையப் பெயரைக் கண்டு ஊர் வந்துவிட்டதென்று மகிழ வேண்டாம். 'ரோடு' என்று முடியும் நிலையம் எதுவாயினும், ஊர் அங்கில்லை, ஊருக்குப் போகும் சாலை அங்கிருக்கிறது என்று பொருள்.

மூன்று நாட்களுக்கு மேல் விடுப்பு உள்ளவர்கள் கடப்பை வழியாகச் செல்லும் வண்டியில் ஏறலாம். முத்தனூருவில் இறங்கி ஜம்மலமடுகு வழியாகச் சென்றால், பெண்ணையாறு செம்பாறையை அறுத்துக்கொண்டு ஓடும் கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கு. தாடிபத்ரியில் இறங்கினால் ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் பேலம் குகைகள். சுண்ணாம்புப் பாறையை நிலத்தடி நீர் கரைத்துக் குடைந்தவை. 3,229 மீட்டர் நீளம் அளந்திருக்கிறார்கள். இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நில ஆய்வாளர் 1884இல் குறித்து வைத்தும், நூறாண்டுகளுக்குப் பின் செருமானியக் குகை ஆய்வாளர் வந்தே உள்ளே முழுவதும் நடந்து பார்த்தனர். பொதுமக்களுக்குத் திறந்தது 2002இல். உள்ளே புழுக்கம் மிகுதி. இரண்டும் தை, மாசியில் காண வேண்டியவை.

செலவைப் பற்றிப் பலர் கேட்பர். எங்கள் வீட்டில் மாதம் ஐந்நூறு ரூபாய் ஒரு தகர டப்பாவில் போகிறது. ஆண்டு முடிவில் அதற்குள் அடங்குவதே எங்கள் பயணம். சோறு கட்டிக்கொண்டு போகிறோம். வண்டியை இன்னொரு குடும்பத்துடன் பங்கிட்டுக்கொள்கிறோம். நம் சங்கத்தில் நாலு குடும்பங்கள் சேர்ந்தால் தலைக்கோனைக்கு ஒரு சிறு பேருந்தே அமர்த்திவிடலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

சென்ற மாதம் அக்காள் தொலைபேசியில் பேசினாள். தைப்பூசத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, சற்றுத் தயங்கி, "சின்னவன் உன்னோடு மலைக்குள் போக வேண்டும் என்கிறான். அந்தத் தீர்த்தம் எதுவோ சொன்னாயே, அதற்கு அவனைக் கூட்டிப் போவாயா?" என்றாள். போலீசு இருக்கும், மருத்துவர் இருப்பார், கூட்டத்தோடு போகலாம் என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக, "அதெல்லாம் இருக்கட்டும். நீ கையை விடாமல் இருப்பாயா, அதைச் சொல்" என்றாள். இராமகிருஷ்ண தீர்த்த முக்கோடிக்கு இரண்டு நாள் விடுப்பு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். பையனுக்கு வார் வைத்த செருப்பு வாங்க வேண்டும். கால் அளவை எழுதி அனுப்பும்படி மாமாவுக்கு நேற்று கடிதம் போட்டேன்.